சலோமியின் வலது தோள்

சலோமி வெளியூர் மைதானங்களில் கோல் அடித்தாள். எங்கள் மைதானத்தில் அடிக்கவில்லை. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

அந்த சீசனில் முதல் பத்து ஆட்டங்களில் ஐந்து வெளியூர், ஐந்து உள்ளூர். வெளியூரில் ஏழு கோல் அடித்திருந்தாள். உள்ளூரில் ஒன்றுகூட இல்லை. அவள் ஓடவில்லை, உதைக்கவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். இங்கேயும் அதே அளவுக்குத்தான் ஓடினாள், உதைத்தாள். பந்து மட்டும் கோல் கம்பத்துக்கு மேலே போயிற்று. இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று என்று சிதறிப் போயிருந்தால் நேரம் சரியில்லை என்று விட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் மேலே, கிட்டத்தட்ட ஒரு ஜாண்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பெயர் தணிகாசலம். ஒரு லிஃப்ட் எல்லா மாடியிலும் தாறுமாறாக நின்றால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம். மூன்றாவது மாடியில் மட்டும், தினமும் இரண்டு அங்குலம் மேலே நின்றால் ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. சலோமி விஷயத்திலும் அப்படித்தான் ஆனது.

எங்கள் அணி கொடுங்கையூர் ஸ்டார்ஸ். பழைய குப்பைமேட்டைச் சலித்து எடுத்து, மண் நிரப்பி, அதன் மேல் கட்டிய மைதானம் எங்களுடையது. கிழக்கு கேலரியில் நடு வரிசையில் சட்டி மேளத்தோடு உட்கார்ந்திருப்பவன் நான். எங்கள் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பந்து யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சலோமிக்கு மூன்று அடி, ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் இரண்டு அடி. எதிரணிப் பாதியில் அவள் காலுக்குப் பந்து வந்தால் என் குச்சி தானாக எழும்பிவிடும். அவள் பதினாறு வயதில் அணிக்கு வந்த நாளிலிருந்து ஒரு முறைகூட நான் தவறவிட்டதில்லை. அவளும் கோல் அடித்துவிட்டால் எங்கள் பக்கம் திரும்பி வலது கையை உயர்த்திக் காட்டாமல் போனதில்லை.

ஒப்பந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் மூலக்கடை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தோம். புஷ்பா அக்காவின் ஆட்டோதான் எங்கள் ரசிகர் மன்ற அலுவலகம். அக்கா ஓட்டுநர் சீட்டில், நானும் டில்லிபாபுவும் பின்னால். போனில் அணியின் அறிவிப்பு வந்தது. கோல்கீப்பர் அமுதினி, நடுக்களத்தில் ஆடும் துர்கா, முன்வரிசை சலோமி ஆகிய மூவரும் பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'அதே வேகம், அதே உதை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு உறுதி.'

புஷ்பா அக்கா ஹாரனை அமுக்கி, கையை எடுக்கவே இல்லை. ஸ்டாண்டில் இருந்த பதினாலு ஆட்டோவும் சேர்ந்துகொண்டது. டில்லி மட்டும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா இது? ஃப்ரிட்ஜுக்குக்கூட கம்ப்ரசருக்குப் பத்து வருசம்தான் வாரண்டி குடுக்குறான். சலோமிக்கு இப்பவே இருபத்தி நாலு. முப்பத்தாறு வரைக்கும் அதே வேகத்துல எப்படி ஓடும்? எங்க மாமியாருக்கு முப்பத்தாறுல முட்டி போச்சு."

"உங்க மாமியா ரைட் விங்லயா ஆடுச்சு?" என்றார் அக்கா.

"கிண்டல் பண்ணாத. உறுதின்னு போட்டுக்கீறான். எப்டி உறுதி?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "முதுகுல பட்டை ஒண்ணு வெப்பாங்களாம் டில்லி. இப்ப எப்படி ஆடுறாளோ அதைப் புட்சி வெச்சிக்கினு, உடம்பு தளர்ந்தாலும் அதே மாதிரி ஆட வெக்குமாம்."

"அப்ப பன்னெண்டு வருசமும் இப்ப மாதிரியே ஆடுவாளா?"

"ஆமா."

"இதைவிட நல்லா ஆட மாட்டாளா?"

புஷ்பா அக்கா மறுபடி ஹாரனை அமுக்கினார்.

"டேய், போன வருசம் நம்ம பொண்ணுங்க நாலு பேர வேற டீம்காரன் தூக்கினு போனான். அன்னிக்கி ஒப்பாரி வெச்ச. இன்னிக்கி மூணு பேர் எங்கயும் போகலன்னு எழுதிக் குடுத்துக்கீறாங்க. சிரிடா."

டில்லி சிரித்தான். ஆனாலும் அந்த வரியைப் படிப்பதை நிறுத்தவில்லை.

மூவரின் ஆட்டத்தையும் பதிவு செய்ய மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள். பயிற்சி மையத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பெரிய கூடம். ஒருவருக்கு ஒரு முழு நாள். வெள்ளிக்கிழமை அமுதினி, சனிக்கிழமை துர்கா. எங்களுக்கு வேலை நாள். சலோமிக்கு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது.

"நம்ம பொண்ணு பன்னெண்டு வருசத்துக்கு நிக்கப் போறா," என்றார் புஷ்பா அக்கா. "அவள உள்ள அனுப்பிட்டு நாம வூட்ல கால நீட்டிப் படுத்துக்கவா? காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் அவ காதுல நம்ம அடி உழணும்."

அப்படியே செய்தோம். காலை எட்டு மணிக்கு ஜன்னலுக்கு நேர் கீழே எண்பது பேர் கூடினோம். எனக்குக் கை ஓய்ந்தால் டில்லி, டில்லிக்கு ஓய்ந்தால் அக்கா. சலோமியின் அடி மட்டும்தான். வேறு எதுவும் அடிக்கவில்லை. மதியம் ஒரு அண்டா பிரியாணி வந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடி தொடங்கினோம். ஐந்தேகால் மணிக்கு மூன்றாவது மாடி ஜன்னல் திறந்தது. சலோமி தலையை நீட்டி வலது கையை உயர்த்திக் காட்டினாள். நான் அழுதேன் என்று டில்லி இன்றைக்கும் சொல்வான். புழுதி விழுந்தது என்று நானும் இன்றைக்கும் சொல்வேன்.

மூவருக்கும் முதுகில் பட்டை வைத்து, இரண்டு மாதம் கழித்து சீசன் தொடங்கியது. அமுதினி பந்தைப் பசை போட்டது போல் பிடித்தாள். துர்கா கொடுத்த பாஸ் எதுவும் வழி தவறவில்லை. சலோமியின் பந்துகள் மட்டும் கம்பத்துக்கு மேலே போயின, அதுவும் எங்கள் கண் முன்னால் மட்டும். வெளியூர் ஆட்டங்களை ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையின் பெரிய திரையில் பார்ப்போம். அங்கே அவள் அடிக்கும் கோல்களைப் பார்த்தால் தரையில் கோடு போட்டு அடித்தது போல இருக்கும்.

முதலில் நான் மைதானத்தைச் சந்தேகப்பட்டேன். குப்பைமேட்டு மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, தண்ணீர் நிரப்பிய நீளமான ட்யூப், அதை எடுத்துக்கொண்டு போய் மைதானக் காவலரிடம் கெஞ்சி இரண்டு கோல் முனையையும் அளந்தேன். வடக்கு முனை இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. துள்ளிக் குதித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் முனை மாறும். அவள் இரண்டு முனையிலும் மேலேதான் அடித்திருக்கிறாள். கம்பத்தின் உயரத்தை அளந்தேன். சரியாக இருந்தது. எண்ணூர்ப் பக்கத்துக் கடல்காற்றைச் சந்தேகப்பட்டு ஒரு ரிப்பனைக் கொடிக்கம்பத்தில் கட்டிப் பார்த்தேன். மற்றவர்கள் உதைக்கும் பந்தை அந்தக் காற்று ஒன்றும் செய்யவில்லை.

புஷ்பா அக்கா தன் வழியில் போனார். நான்காவது உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னால் மைதான வாசலில் பூசணிக்காய் உடைத்தார். ஐந்தாவது ஆட்டத்துக்கு இரண்டு பூசணிக்காய்.

டில்லி அதற்குள் வேறு முடிவுக்கு வந்திருந்தான். "கையெழுத்து போட்டாச்சு. பன்னெண்டு வருசத்துக்கு எடம் உறுதி. அப்புறம் இன்னாத்துக்கு அடிக்கணும்? தூங்குறா."

"வெளியூர்ல மட்டும் எப்டி முழிச்சிக்கிறா?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் பிரியல," என்றான்.

ஆனால் ஐந்தாவது ஆட்டத்தில் மேற்கு கேலரியில் ஒரு பேனர் தொங்கியது: 'பன்னிரண்டு வருடத் தூக்கம்.' சலோமி அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்று, எழுத்துக் கூட்டுவது போல் படித்தாள். அன்று பாதியில் அவளை வெளியே அழைத்துவிட்டார்கள்.

அணியின் பயிற்சி மையத்து லிஃப்ட் என் பராமரிப்பில் இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அங்கே வேலை. லிஃப்டுக்குள் தரைப் பலகையை மாற்றியிருந்தார்கள். லிஃப்டின் எடை சென்சாரைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தபோது பர்வீன் மேடம் டீ டம்ளரோடு உள்ளே வந்து நின்றார். மூவரின் பதிவையும் எடுத்த டெக்னீஷியன் அவர்தான். முகம் வாடியிருந்தது.

"மேடம், எங்க சலோமிக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"நீங்களுமாண்ணா? காலையிலேர்ந்து பதினோராவது ஆள் நீங்க." சுவரில் சாய்ந்துகொண்டார். "அடுத்த சனிக்கிழமை உள்ளூர்ல ஆறாவது ஆட்டம். தொடர்ந்து ஆறு உள்ளூர் ஆட்டத்துல கோல் இல்லன்னா அவளை ஓரமா உட்கார வைக்கலாம்னு ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து இருக்கு. ஆட விட மாட்டாங்க, வேற அணிக்கும் விட மாட்டாங்க. பட்டையை நடுவுல எடுக்கவும் முடியாது, அதைச் சுத்தி நரம்பு வளர்ந்துடும்; பன்னிரண்டு வருஷத்துல அது அணைஞ்சப்புறம்தான் நரம்பு விலகும், எடுக்கலாம். பன்னிரண்டு வருஷம் பெஞ்சுல உட்கார்ந்து தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்க வேண்டியதுதான்."

கையில் இருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தேன். "அந்தப் பட்டை எப்படி மேடம் வேலை செய்யுது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

விளக்கிச் சொல்லக் கேட்டால் மறுக்க முடியாத ஆட்கள் உண்டு. பர்வீன் மேடம் அந்த ரகம், நானும் அந்த ரகம்தான்.

"நாக்கு வழிக்கிற தகடு இருக்குல்ல, அந்த அளவுதான். முதுகுத்தண்டை ஒட்டித் தோலுக்கு அடியில வைக்கிறோம். அவளோட ஒரு நாள் ஆட்டம் முழுக்க அதுக்குள்ள இருக்கு. ஓடுறது, திரும்புறது, உதைக்கிறது, ஆயிரக்கணக்கான தடவை. ஆடுறப்ப அவ உடம்பு எந்த நிலைமையில இருக்குன்னு பட்டை பார்க்கும். இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம் எல்லாம். பதிவுல அதே நிலைமையில இருந்த ஒரு கணத்தைத் தேடி எடுக்கும். அந்தக் கணத்துல தசை என்ன பண்ணுச்சோ அதைச் செய்ய வைக்கும். அவ்வளவுதான்."

"அப்ப அதுவா எதையும் புதுசா செய்யாது."

"செய்யாது. பதிவுல இருக்கறதுதான் வரும். அதுதான் எனக்குக் குழப்பம். வீடியோவை மெதுவா ஓட்டிப் பார்த்தேன். உள்ளூர்ல உதைக்கிறப்ப அவ வலது தோள் ஒரு அங்குலம் மேல ஏறுது. தோள் ஏறுனா இடுப்பு பின்னால சாயும், பந்து மேல போகும். பதிவுல தேடுனேன், அந்தத் தோள் அங்கேயும் இருக்கு! ஆனா எல்லா உதையிலும் இல்ல. லேப்ல வெச்சு நூறு தடவை உதைக்கச் சொன்னேன். ஒரு தடவைகூட ஏறல."

"இன்னொரு தடவை பதிவு எடுக்கக் கூடாதா?"

"பட்டை வெச்ச உடம்பைப் பதிவு பண்ணா பட்டையைத்தான் பதிவு பண்ணுவோம். அவ எங்கே முடியிறா, பட்டை எங்கே தொடங்குதுன்னு பிரிக்க முடியாது."

எனக்கு வேலை பாக்கி இருந்தது.

"மேடம், கொஞ்சம் வெளிய வாங்க. ஜீரோ வைக்கணும்."

"நான் ஐம்பது கிலோதாண்ணா. அதுக்கெல்லாம் உங்க லிஃப்ட் பயப்படுமா?"

"பயப்படாது, தப்பா கத்துக்கும். அடியில எடை பாக்குற சென்சார் கீது. லிஃப்ட் காலியா நிக்கிறப்ப ஒரு பட்டனை அமுக்கி, இதுதான் காலின்னு அதுக்குச் சொல்லித் தரணும். இப்ப நீங்க உள்ள நின்னீங்கன்னா உங்க ஐம்பது கிலோவையும் சேத்து காலின்னு எழுதிக்கும். அப்பால நீங்க வூட்டுக்கே போனாலும் லிஃப்டுக்கு நீங்க உள்ள நின்னுக்கினே இருப்பீங்க. வேலைக்குச் சேந்த புதுசுல நானே பண்ணிக்கீறேன். டூல் பாக்ஸை உள்ளயே வெச்சிட்டு ஜீரோ வெச்சிட்டேன். லிஃப்ட் கணக்குல காலின்னா அதுல ஒரு டூல் பாக்ஸ் இருக்கணும். மூணு மாசம் தலைய பிச்சிக்கினோம்…"

சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கப் போன என் விரல் அப்படியே நின்றது.

"மேடம், அன்னிக்கி நீங்க பதிவு எடுத்தப்ப ரூம் காலியா இருந்துச்சா?"

"அவ மட்டும்தான் இருந்தா. நான்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான்."

"மேளச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்குமா கேட்காதா? நாள் முழுக்க இடிச்சீங்களே. ஆனா நாங்க சத்தத்தைப் பதிவு பண்றதில்லயே, நரம்பை மட்டும்தான்…" அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அன்று மதியமே மையத்தின் பின்னால் இருக்கும் பயிற்சித் தளத்துக்கு சலோமி வந்தாள். என்னைப் பார்த்ததும், "ணா, நீ எங்க இங்க? லிஃப்ட் கெட்டுப் போச்சா?" என்றாள். பந்தை வரிசையாக வைத்தோம். பத்து முறை உதைத்தாள். ஒன்பது உள்ளே போயின. பிறகு நான் டூல் பாக்ஸைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு ஸ்குரூடிரைவரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவளுடைய அடியை அடித்தேன். மூன்று, ஒரு மூச்சு, இரண்டு. பத்து பந்தும் கம்பத்துக்கு மேலே போய் வேலியில் விழுந்தன. துர்காவின் அடியை அடித்தேன். எட்டு உள்ளே. மறுபடி சலோமியின் அடி. பந்து வேலிக்குப் போயிற்று.

பர்வீன் மேடம் கையில் இருந்த திரையில் ஞாயிற்றுக்கிழமைப் பதிவை மணி வாரியாக ஓட்டிக்கொண்டிருந்தார். "காலை எட்டரையிலேர்ந்து தோள் ஏறி ஏறி இறங்குது. சாயங்காலமும் அதேதான். ஒரு மணியிலேர்ந்து ரெண்டரை வரைக்கும் மட்டும் சுத்தமா இருக்கு. அன்னைக்கு மத்தியானம் என்ன ஆச்சு?"

"பிரியாணி," என்றேன்.

வெளியூர் ரசிகர்கள் மேளம் கொண்டுவரக் கூடாது என்பது லீக் விதி. அதனால் வெளியூரில் அவள் காதில் எங்கள் அடி விழாது. பட்டை தேடிப்போய் எடுப்பதெல்லாம் மேளம் இல்லாத கணங்கள். அந்த ஏழு கோலும் நாங்கள் பிரியாணி தின்ற ஒன்றரை மணி நேரத்தில் பதிவானவை. இங்கே மேளம் கேட்டதும் அவள் உடம்பு அந்த ஞாயிற்றுக்கிழமை போலவே சிலிர்க்கிறது. பட்டையும் அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

"ஆனா தோள் ஏன் ஏறுது?" என்று பர்வீன் மேடம் அவளைக் கேட்டார்.

சலோமி புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கை காட்ட வந்துச்சு மேடம். ஒவ்வொரு தடவ கீழ மேளம் கேக்குறப்பவும் ஜன்னலாண்ட ஓடிப் போயி கை காட்டணும்னு இருந்துச்சு. தேவையில்லாம கைய கால ஆட்டாதன்னு நீங்க சொல்லி இருந்தீங்க. கை எழும்பும், நான் அடக்கிக்குவேன். நாள் பூரா அடக்கினே இருந்தேன்."

பர்வீன் மேடம் திரையை அணைத்தார். பிறகு சலோமியே சொன்னாள். "நான்தான் பயந்து சாவுறேன்னு நெனச்சிட்டேன். கோச் ஒரு டாக்டரம்மாவக் கூட்டியாந்தாரு. மூச்ச இழுத்து விடச் சொன்னாங்க. நானும் ஒரு மாசமா இழுத்து விட்டுனு கீறேன்." சிரித்தாள். "இடது கால்ல மெதுவா தூக்கிப் போடுற ஷாட் ஒண்ணு கத்துக்கலாம்னு பாத்தேன்ணா. கால் கேக்க மாட்டேங்குது. பதிவுல இல்லாததுக்குப் பட்டை விட மாட்டேங்குது. சரி போவட்டும், இருக்கறதாவது ஒயுங்கா வரட்டும்னு நெனச்சேன். அதுவும் இப்டி."

"மேளம் இல்லன்னா வந்துடும்மா," என்றேன்.

"தெரியுதுணா. பதினாறு வயசுலேந்து அந்த அடிக்குத்தான் ஓடுறேன். அது இல்லாம நம்ம கிரவுண்ட்ல ஓடுனா யாரு வூட்டுக்கோ வந்த மாதிரி இருக்கும்." ஷூ முனையால் புல்லைக் கிளறினாள். "பரவால்ல. அடிக்காத."

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. பர்வீன் மேடம்தான் சொன்னார். விஷயம் வெளியே தெரிந்தால் எதிரணி ரசிகன் எவனாவது போனில் அந்த அடியைப் பதிந்து கொண்டுவந்து, அவள் உதைக்கும் நேரம் பார்த்து ஓட விடலாம். அதனால் நாங்கள் மூவரும், புஷ்பா அக்காவும் தவிர ஐந்தாவது ஆளுக்குச் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். பன்னிரண்டு வருடம் சொல்லவில்லை. போன மாதம் ஒப்பந்தம் முடிந்து பட்டையை எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது எழுதுகிறேன்.

புஷ்பா அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்டாண்டில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, லிஃப்ட், டூல் பாக்ஸ், ஜீரோ எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அவ மேல எந்தத் தப்பும் இல்ல."

"இல்லக்கா."

"பட்டை மேலயும் இல்ல."

"அது கத்துக் குடுத்தத செய்யுது."

"மேளம் அடிக்கலாம்னு சொன்னது நான்."

சவாரிக்கு இரண்டு பேர் வந்து ஏறினார்கள். "வண்டி போவாது, எறங்குங்க," என்று அவர்களை இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பிரியாணி யார்ரா ஏற்பாடு பண்ணது?" என்று கேட்டார்.

"நீதான்க்கா."

"அதையாவது பண்ணனே," என்று வண்டியைக் கிளப்பினார்.

சனிக்கிழமை மாலை நாலு மணி ஆட்டம். கேலரி நிரம்பியிருந்தது. பாதிப் பேர் சலோமியைத் திட்டுவதற்கென்றே வந்தது போல இருந்தது. அமுதினிக்கு அடித்தேன், துர்காவுக்கு அடித்தேன். பதினெட்டாவது நிமிடம் எதிரணிப் பாதியில் சலோமி காலுக்குப் பந்து வந்தது. என் குச்சி எழும்பப் பார்த்தது. இரண்டு குச்சியையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். தடுப்பாட்டக்காரி பந்தைத் தட்டிவிட்டாள்.

"இன்னா மச்சி, தூங்கிட்டியா?" என்றான் டில்லி.

இரண்டாம் முறையும் நான் அடிக்கவில்லை. டில்லியின் முகம் மாறியது.

"டேய், சலோமிடா. அவளுக்கு அடிடா."

"முடியாது."

"முடியாதுன்னா? நீயும் அந்த பேனர்காரன் கூட சேந்துட்டியா? நான் திட்டுவேன், அது எங்க வூட்டு சண்ட. அதுக்குன்னு அவளுக்கு அடி இல்லன்னு ஆயிடுமா? நம்ம பொண்ணுடா அது!"

அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல முடியவில்லை. சுற்றியிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என்னைத் துரோகி என்றார். அறுபத்திரண்டாவது நிமிடம் துர்காவிடமிருந்து பாஸ் வந்து சலோமி ஓடத் தொடங்கியபோது டில்லி என் தொடைக்கு அடியிலிருந்து ஒரு குச்சியைப் பிடுங்கிவிட்டான். மேளத்தின் மேல் ஓங்கினான்.

புஷ்பா அக்கா எழுந்து வந்து மேளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா, எந்திரி!"

"கால் வலிக்குதுடா," என்றார் அக்கா.

கிழக்கு கேலரி அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. சலோமி ஓடிக்கொண்டே ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தாள். அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழும்பவில்லை. பந்து கம்பத்துக்கு ஒரு ஜாண் கீழே போய் வலையில் விழுந்தது.

டில்லி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். பிறகு நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டு, "உன்னாண்ட இனிமே பேச மாட்டேன்," என்றான். நாலு மாதம் பேசவும் இல்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கடைசி விசில் ஊதியதும் அக்கா மேளத்தை விட்டு எழுந்தார். தோலைத் தடவிப் பார்த்தார். கீழே சலோமி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி உள்ளே போய்க்கொண்டிருந்தாள். கோல் அடித்தபோதுகூட அவள் கையைக் காட்டவில்லை. மேளமே இல்லாதபோது எங்கே பார்த்துக் காட்டுவது என்று தெரியாமல் இருந்திருக்கும்.

"தணிகா, பந்து எங்க கீது?"

"ரெஃப்ரி கைலக்கா."

"இப்ப அடிச்சா இன்னா ஆவும்?"

"தோள் தூக்கும்."

"தூக்குனா?"

யோசித்தேன். "ஒண்ணும் ஆவாதுக்கா."

டில்லியிடமிருந்து குச்சியைத் திரும்ப வாங்கி அடித்தேன். மூன்று, ஒரு மூச்சு, இரண்டு. சலோமி நின்றாள். அவளுடைய வலது தோள் ஒரு அங்குலம் ஏறி, பதிவில் இருந்த இடத்தில் அப்படியே நின்றது. திரும்பி எங்களைப் பார்த்தாள். இடது கையால் வலது முழங்கையைப் பிடித்து, மிச்சத் தூரத்துக்குத் தானே மேலே தூக்கினாள். கை முழுவதும் உயர்ந்து நின்றது.

பன்னிரண்டு வருடமும் இப்படித்தான் செய்தோம். ஆட்டம் நடக்கும்போது சலோமியின் அடியை அடிப்பதில்லை. கடைசி விசில் ஊதி, பந்து நடுவர் கைக்குப் போனதைப் பார்த்த பிறகு அடிப்போம்.